தட்டில் மிஞ்சிய பேரரசு: க்யோஸா, பீர், மறதி

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் நம் நண்பர்களில் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். நிலம், கூலி, சாதி, அரசு என்று பேச எவ்வளவோ கிடக்கும்போது இதென்ன வாய் ருசி ஆராய்ச்சி என்பார்கள். சமையற் குறிப்பு எழுதுகிறவர்களுக்கோ எதிர்ப்பக்கத்துச் சலிப்பு: தின்கிற பண்டத்தில் அரசியலைக் கொண்டுவந்து போடாதே, நிம்மதியாகச் சாப்பிட விடு. இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். உணவு வேறு, வரலாறு வேறு என்பதில்தான் அந்த ஒற்றுமை. இந்தக் கட்டுரை அதை ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்ட பண்டம் ஜப்பானியக் குடிக்கடைகளில் பீரோடு தின்னும் க்யோஸா.

முதலில் பண்டம் என்னவென்று சொல்லிவிடுவோம். கோதுமை மாவை மெல்லிய வட்டத் தோலாகத் தேய்த்து, உள்ளே அரைத்த பன்றிக்கறி, முட்டைக்கோஸ், பூண்டு, பூண்டுத்தாள், இஞ்சி வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கொசுவி மூடுவது. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். சூடான தட்டை இரும்புச் சட்டியில் எண்ணெய் தடவி வரிசையாக அடுக்கி, அடி சிவந்ததும் தண்ணீர் ஊற்றி மூடிவிடுவார்கள். தண்ணீர் வற்றும்வரை ஆவியில் வேகும். வற்றியதும் அடிப்பக்கம் மறுபடி மொறுமொறுப்பாகும். கவிழ்த்துத் தட்டில் வைத்தால் மேலே பொன்னிறம், கீழே வெள்ளை. சோயா, வினிகர், மிளகாய் எண்ணெய் மூன்றையும் கலந்து தொட்டுக்கொள்ள வேண்டியது. பல கடைகளில் ஒரு தட்டுக்கு ஐந்து அல்லது ஆறு. கூட ஒரு கண்ணாடிக் குவளை பீர்.

இதை விற்கிற இடத்துக்கு இஸகாயா என்று பெயர். 'இருந்து குடிக்கிற மதுக்கடை' என்பதுதான் சொல்லின் பொருள். எதோ காலத்தில் மது வாங்கப் போனவன் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்து குடித்ததிலிருந்து வந்தது. இன்று வேலை முடிந்து வருகிறவர்கள் கூட்டமாக உட்கார்ந்து, சின்னச் சின்னத் தட்டுகளாக வரவழைத்துப் பங்கிட்டுத் தின்று குடிக்கிற இடம். க்யோஸாவும் பீரும் மட்டுமே முக்கியம் என்று வைத்திருக்கிற கடைகளும் நிறைய. டோக்கியோவில் மட்டுமில்லை, லண்டனிலும் நியூயார்க்கிலும் உண்டு. சுவரில் கையெழுத்து விலைப்பட்டியல், பழைய பீர் விளம்பரப் பெண்கள், சிவப்பு லாந்தர். 'போருக்குப் பிந்தைய பழைய ஜப்பான்' என்ற ஒரு சூழலைக் காசு செலவழித்துக் கட்டியிருப்பார்கள்.

போருக்குப் பிந்தைய என்கிறார்கள். சரி. எந்தப் போர்? அதற்கு முந்தியது எங்கே?

1

க்யோஸா ஜப்பானியப் பண்டம் இல்லை என்பது ஜப்பானில் எல்லாருக்கும் தெரியும். சீனாவின் ஜியாவ்ட்ஸிதான் அது. டாங் அரச காலத்தில் செய்து காய்ந்துபோன ஜியாவ்ட்ஸிகள் துர்பானுக்குப் பக்கத்தில் அஸ்தானா கல்லறைகளிலிருந்து கிடைத்திருக்கின்றன. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்திய அரைவட்ட மடிப்பு, இன்றைக்குப் பார்த்தாலும் அடையாளம் தெரிகிறது. எடோ காலத்துப் பிரபு தொகுகாவா மிட்சுகுனி சீன அறிஞர் ஒருவர் மூலமாக முதன்முதலில் இதைத் தின்றார் என்று ஒரு கதை உண்டு. பிரபு தின்றார், ஆகவே வந்தது என்று எழுதுவது மேல்தட்டு வரலாற்றுக்கு எப்போதும் வசதி. ஆனால் அந்தப் பிரபுவுக்கும் இன்றைய தட்டுக்கும் நடுவில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பாலமே கிடையாது. ஜப்பானியத் தெருவுக்கு இந்தப் பண்டம் வந்தது பிரபு வழியாக அல்ல. மஞ்சூரியா வழியாக வந்தது.

'க்யோஸா' என்ற உச்சரிப்பே சாட்சி. பெய்ஜிங் மொழியில் ஜியாவ்ட்ஸி. ஷாண்டுங் மாகாணத்துப் பேச்சிலிருந்து க்யோஸா வந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. மஞ்சு மொழியிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எப்படி வைத்துக்கொண்டாலும் சொல் வந்த திசை வடகிழக்கு. ஷாண்டுங்கிலிருந்து பஞ்சமும் வறுமையும் துரத்த லட்சக்கணக்கான சனங்கள் மஞ்சூரியாவுக்குக் கூலிகளாகப் போய்க் குடியேறினார்கள். சுரங்கத்திலும் துறைமுகத்திலும் ரயில் பாதையிலும் வேலை பார்த்தவர்கள் அவர்கள்தான். எசமானின் நாக்கில் ஏறிய சொல் கூலிக்காரனின் வாயிலிருந்து வந்தது என்று படிக்கலாம்.

எசமான் எப்படி வந்தான்? 1904-05இல் ருஷ்யாவோடு நடந்த போரில் ஜெயித்த ஜப்பான் தென்மஞ்சூரிய ரயில் பாதையைக் கைப்பற்றியது. 1906இல் தென்மஞ்சூரிய ரயில்வே கம்பெனி. பெயர்தான் ரயில்வே. சுரங்கம், துறைமுகம், விடுதி, ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒரு அரசாங்கமே அதற்குள் இருந்தது. பாதையைக் காக்க வந்த படை க்வாண்டுங் படையானது. 1931 செப்டம்பர் 18 அன்று முக்டெனுக்குப் பக்கத்தில் அந்தப் படையே தண்டவாளத்தில் குண்டு வைத்துவிட்டுப் பழியைச் சீனர்மேல் போட்டது. அதைச் சாக்கிட்டு மஞ்சூரியா முழுவதையும் பிடித்தது. 1932இல் மஞ்சூகுவோ என்று ஒரு 'சுதந்திர' நாடு அறிவிக்கப்பட்டது. கடைசிச் சீனச் சக்கரவர்த்தி பூயி அதற்குப் பொம்மைத் தலைவர். ஐந்து இனங்களின் இணக்கம் என்பது அந்த அரசின் கோஷம்.

இணக்கம் தட்டில் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். போர் முற்றியபின் ரேஷன் இனவாரியாக வகுக்கப்பட்டது. அரிசி ஜப்பானியருக்கு, சோளம் சீனருக்கு. மண்ணில் நெல்லும் கோதுமையும் விளைவித்தவன் அதைத் தின்னக்கூடாது. ஜப்பானியக் குடும்பங்கள் சீனச் சமையற்காரியிடமிருந்தும் பக்கத்துக் கடையிலிருந்தும் ஜியாவ்ட்ஸி மடிக்கக் கற்றுக்கொண்டதைப் பின்னாளில் நினைவுக் குறிப்புகளில் ஆசையாக எழுதினார்கள். அந்த நினைவுகள் பொய்யில்லை. பக்கத்து வீட்டு நேசம்கூட உண்மையாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த நேசத்துக்கு அடியில் தோல் தேய்க்க மாவு யாருக்குக் கிடைத்தது என்ற கணக்கு இருக்கிறது.

இன்னும் கீழே போனால் நிலம். 1936இல் ஜப்பானிய அரசு இருபது வருஷத்தில் பத்து லட்சம் விவசாயக் குடும்பங்களை மஞ்சூரியாவில் குடியேற்றத் திட்டம் போட்டது. கடனில் மூழ்கிய மலை கிராமங்களின் ஏழைகள்தான் குறி. நாகானோ மாவட்டத்திலிருந்து போனவர்கள்தான் அதிகம். மொத்தமாகச் சுமார் 2,70,000 பேர் போனார்கள். 'கன்னி நிலம்' என்று சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பகுதி ஏற்கெனவே சீன, கொரிய விவசாயிகள் உழுதுகொண்டிருந்த நிலம். அடிமாட்டு விலைக்கு, துப்பாக்கி முனையில் வாங்கியது. 1934இலேயே துலோங்ஷானில் விவசாயிகள் ஆயுதம் எடுத்து எழுந்தது இந்த நிலப்பறிப்பை எதிர்த்துத்தான். சொந்த ஊரில் நிலமில்லாதவனைக் கொண்டு அடுத்தவன் நிலத்தைப் பிடுங்குவது என்கிற இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். ஏழை ஏழையாகவே இருந்துகொண்டு ஏகாதிபத்தியத்தின் கையாகவும் ஆகிவிடுகிறான். ஒடுக்கப்பட்டவன் ஒடுக்குபவனாக இருக்க முடியாது என்று நம் இயக்கங்கள் எளிதாகப் போட்டுக்கொண்ட சமன்பாடு இங்கே உடைகிறது.

2

1945 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் படை எல்லையைக் கடந்தது. குடியானவர்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த க்வாண்டுங் படை தெற்கே பின்வாங்கிவிட்டது. அதிகாரிகள், படைத்தலைவர்கள் குடும்பங்கள் முதல் ரயில்களில் ஏறிவிட்டன. எல்லையோரத்தில் விடப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். ஆண்களைக் கடைசி நேரத்தில் படைக்கு இழுத்திருந்தார்கள். குளிரிலும் பசியிலும் டைஃபஸிலும் தாக்குதல்களிலும் கூட்டுத் தற்கொலைகளிலும் குடியேறிகளில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். 1946 மே மாதம் முதல் ஹுலுடாவ் துறைமுகம் வழியாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தலைக்கு 1000 யென், சுமக்க முடிந்த மூட்டை. அதற்குமேல் எதுவும் கொண்டுவரக் கூடாது.

கை நினைவை யாரும் சோதனை போட்டுப் பறிக்க முடியாதில்லையா. தோல் தேய்க்கிற கை, மடிக்கிற விரல், சட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம். இவைதான் மூலதனம்.

வந்து இறங்கிய நாடு எரிந்து கிடந்தது. சரணடைந்த அய்ந்தாம் நாள், 1945 ஆகஸ்ட் 20 அன்று, ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு தாதாக் கும்பல் திறந்தவெளிச் சந்தையைத் தொடங்கியது. பிறகு எல்லா ரயில் நிலையங்களைச் சுற்றியும் கள்ளச்சந்தைகள். அரசு ரேஷனில் உயிர் வாழ முடியாது என்பது ஊருக்கே தெரியும். டோக்கியோ நீதிபதி யமாகுச்சி யோஷிதாடா, கள்ளச்சந்தை வழக்குகளை விசாரித்த நான் அதில் வாங்கித் தின்ன மாட்டேன் என்று ரேஷனை மட்டுமே நம்பி 1947 அக்டோபரில் செத்துப்போனார். வயது 33. சட்டத்தை அப்படியே கடைப்பிடித்தால் சாவுதான் என்று சட்டத்தின் ஆளே உடலால் நிரூபித்துவிட்டுப் போனார். அதே 1947 ஜூலையில் அரசு உணவுக்கடைகளை மூடச்சொல்லி அவசரச் சட்டமும் போட்டிருந்தது. ஆக, க்யோஸா ஜப்பானிய நகரத்தில் கால்வைத்த காலத்தில் கடையில் சாப்பாடு விற்பதே பெரும்பாலும் குற்றம்.

அந்தச் சந்தைகளில் யார் இருந்தார்கள்? மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள், படையிலிருந்து விடுபட்டவர்கள், போர் விதவைகள். கூடவே கொரியர்கள், தைவான்காரர்கள். பேரரசு இருந்தவரை 'சக்கரவர்த்தியின் குடிமக்கள்' என்று கூலிக்கும் படைக்கும் இழுக்கப்பட்டவர்கள். பேரரசு போனதும் ஒரே ராத்திரியில் 'மூன்றாம் நாட்டார்' ஆகிவிட்டார்கள். கள்ளச்சந்தையின் பாவமெல்லாம் இவர்கள் தலையில் ஏற்றப்பட்டது. 1946 ஜூலையில் ஷிபுயாவில் தைவான் வியாபாரிகளுக்கும் போலீசுக்கும் தாதாக்களுக்கும் நடந்த மோதலில் உயிர்கள் போயின. இன்றைய ஏக்கப் படங்களில் கள்ளச்சந்தை என்றால் ஆவி பறக்கும் அண்டா, சிரித்த முகம், ஏழைகளின் ஒற்றுமை. அந்தப் படங்களில் 'மூன்றாம் நாட்டார்' இருப்பதில்லை.

மாவு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் நிவாரணக் கோதுமை ரொட்டியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. கசிந்த மாவு நூடுல்ஸாகவும் க்யோஸாத் தோலாகவும் தெருவுக்கு வந்தது. பின்னால் 1954ஆம் வருஷத்து பி.எல்.480 சட்டம் உபரிக் கோதுமையை உலகெங்கும் தள்ளியபோது ஜப்பானும் வாங்கியது, நாமும் வாங்கினோம். தோற்ற பேரரசின் நினைவை ஜெயித்த பேரரசின் மாவில் மடித்தார்கள். கறியும் அப்படித்தான். நல்ல கறி கிடைக்காதபோது கிடைத்த துண்டுதுணுக்கு, மிச்சத்துக்கு முட்டைக்கோஸ். நாற்றத்தை அமுக்கப் பூண்டு.

பூண்டைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. ஜென் மடங்களின் வாசலில் பூண்டு வகையறாவும் மதுவும் உள்ளே வரக்கூடாது என்று கல்லில் வெட்டி நட்டிருப்பார்கள். கி.பி. 675இல் தென்மு சக்கரவர்த்தி சில விலங்குகளின் கறிக்குத் தடை போட்டதிலிருந்து, மேலான உடல் என்றால் கறியும் பூண்டும் மணக்காத உடல் என்ற நினைப்பு ஊறிக்கிடந்தது. 1872இல் மேஜி சக்கரவர்த்தி கறி தின்றதாகப் பகிரங்கமாக அறிவித்த பிறகு மாட்டுக்கறி நாகரிகமானது. பூண்டு ஆகவில்லை. 'பூண்டு நாத்தம்' என்பது கொரியரைத் திட்டுகிற வசையாகவே நீடித்தது. உணவின் வாசனையை வைத்து மனுசனைத் தள்ளிவைப்பது நமக்குப் புதிதா? வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வியே அதுதானே.

சீனாவில் ஜியாவ்ட்ஸிக்குள் பொதுவாகப் பூண்டைப் போடுவதில்லை. வேண்டுமானால் பச்சைப் பூண்டைக் கூடக் கடித்துக்கொள்வார்கள். ஜப்பானில்தான் உள்ளே போட்டார்கள். விலக்கப்பட்ட மணம், மதுவோடு சேர்ந்து, மடத்து வாசல் கல் தடுத்த இரண்டும் ஒரே மேசைக்கு வந்தன. இதைத் தூய்மைக்கு எதிரான சனங்களின் கலகம் என்று கொண்டாட எனக்கும் ஆசைதான். ஆனால் பூண்டு க்யோஸாவுக்குள் புகுந்து ஜப்பானியமான பிறகும் கொரியர் மேலிருந்த வசை அப்படியே இருந்தது. பண்டத்தை உள்ளே விட்டுக்கொள்வதும் ஆளை வெளியே நிறுத்துவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

3

வடசீனாவில் ஜியாவ்ட்ஸி பிரதான உணவு. தோல் தடிப்பு, பெரும்பாலும் தண்ணீரில் வேகவைப்பது, வயிறு நிறைய அதையே தின்பது. புதுவருஷத்தன்று குடும்பமே உட்கார்ந்து மடிப்பது. மிஞ்சியதைத்தான் மறுநாள் சட்டியில் வறுப்பார்கள். ஜப்பானில் அந்த மிச்சத்தின் சமையலே முறையான சமையலானது. தோல் மெலிந்தது. பிரதானம் சோறு ஆனது, க்யோஸா தொட்டுக்கொள்கிற பண்டமானது. பிறகு சோறும் தள்ளிப்போய், பீருக்குத் துணையானது.

பீரும் சும்மா வரவில்லை. 1870இல் யோகஹாமாவில் வெள்ளைக்காரர்களுக்காகத் தொடங்கிய தொழில். 1876இல் வடக்கே ஹொக்கைடோவில், ஐனு மக்களின் நிலத்தைக் குடியேற்றப் பிரதேசமாக்கிய நிர்வாகமே சப்போரோவில் ஆலை வைத்தது. 1930களில் ஜப்பானிய பீர் கம்பெனிகள் முக்டெனிலும் ஆலை திறந்தன. படை போன இடமெல்லாம் பீரும் போயிற்று. போர் முடிந்தபோது சாதாரணத் தொழிலாளிக்கு பீர் எட்டாத பண்டம். கள்ளச்சந்தையில் குடித்தது கஸுதோரி என்கிற மட்டச் சாராயம். சில சமயம் மெதில் கலந்த 'குண்டு'. கண் போனவர்கள், உயிர் போனவர்கள் உண்டு. 1948இல் ஹாப்பி என்று ஒரு பீர் மாதிரியான பானம் வந்தது. அதைச் சாராயத்தில் கலந்து பீர் குடித்ததாக நினைத்துக்கொள்ளலாம். 1950களின் இறுதியில், சம்பளமும் குளிர்பெட்டியும் பெருகியபோதுதான் பீர் எல்லாருடைய பானமானது. க்யோஸாவும் அந்த ஏற்றத்தில் கூடவே ஏறியது. 1967இல் கியோத்தோவில் ஒரு க்யோஸாக் கடை பெரிய சங்கிலியாக வளரத் தொடங்கியது. 1972இல் உறைந்த க்யோஸா பாக்கெட்டில் வந்தது. கள்ளச்சந்தைக் குற்றம் இருபத்தைந்து வருஷத்தில் தேசிய ருசி.

இடையில் ஒரு சொல் வேலையும் நடந்தது. சீனாவை 'ஷினா' என்று சொல்வதில் இளக்காரம் இருந்ததால், 1946இல் வெளியுறவு அமைச்சகம் அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொன்னது. 'ஷினா நூடுல்ஸ்' என்றிருந்தது மெல்ல 'சூகா நூடுல்ஸ்' ஆனது. க்யோஸாவும் 'சூகா' என்ற பட்டியலில் உட்கார்ந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் பெயரை மாற்றிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா? 'சீன உணவு' என்ற பட்டியல், பண்டம் சீனாவிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறது. எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறது. 'வந்தது' என்ற வினையில் எழுவாயே காணாமல் போகிறது பாருங்கள். ஆக்கிரமிப்பு, பரிமாற்றம் என்று பெயர் மாறி உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அசல் எது போலி எது என்ற சண்டையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'உண்மையான' ஜியாவ்ட்ஸிதான் உயர்வு, ஜப்பானியது கலப்படம் என்று பேசத் தொடங்கினால் தூய்மைவாதத்தின் இன்னொரு வாசலில் போய் நிற்போம். கலப்பு குற்றமில்லை. கலந்த விதத்தை மறைப்பதுதான் கேள்விக்குரியது.

4

மறைப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு உட்சுனோமியா நல்ல உதாரணம். டோக்கியோவுக்கு வடக்கே உள்ள ஊர். 1990இல் நகராட்சி ஊழியர் ஒருவர் அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் புரட்டியபோது, க்யோஸாவுக்குச் செலவழிப்பதில் தங்கள் ஊர் முதலிடம் என்று கண்டுபிடித்தார். அவ்வளவுதான், 1993இல் க்யோஸாக் கடைக்காரர்கள் சங்கம். 1994இல் ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ளூர் ஓயா கல்லில் சிலை: க்யோஸாத் தோலைப் போர்த்திக்கொண்டு நிற்கும் வீனஸ் மாதிரி ஒரு பெண். 2008இல் இடம் மாற்றும்போது அது உடைந்து, ஒட்டி நிறுத்தினார்கள். ஊர் 'க்யோஸா நகரம்' ஆகிவிட்டது. பிறகு வட்டமாக அடுக்கி நடுவில் முளைப்பயறு வைத்துத் தருகிற ஹமாமாட்சு போட்டிக்கு வந்து 2011இல் முதலிடம் பிடித்தது. 2021இல் மியாஸாக்கி. ஒவ்வொரு வருஷமும் முடிவைத் தேர்தல் முடிவு மாதிரி பத்திரிகைகள் போடுகின்றன.

அந்தக் கணக்கெடுப்பு எதை எண்ணுகிறது? கடையிலிருந்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிற தயார் க்யோஸாவை மட்டும். உணவுக்கடையில் உட்கார்ந்து தின்பது கணக்கில் இல்லை. உறைந்த பாக்கெட்டும் இல்லை. இரண்டும் அதற்கு மேலும் பேர் உள்ள குடும்பங்களின் செலவை வைத்துத்தான் வரிசை போடுகிறார்கள். தனியாள் இல்லை. மாவட்டத் தலைநகரங்களும் சில பெருநகரங்களும் மட்டும்தான் ஒப்பீட்டில் வரும். ஹமாமாட்சு 2007இல் அந்தப் பெருநகரத் தகுதி பெறும்வரை ஆட்டத்திலேயே இல்லை. ஆக, பீரோடு கடையில் தின்னும் தட்டு, தனியாக உட்கார்ந்திருக்கிற குடிகாரன் இரண்டுமே விடுபட்ட எண்ணை வைத்து ஒரு ஊரின் ஆன்மா தீர்மானிக்கப்படுகிறது. அரசின் புள்ளிவிவரம் இருப்பதை அளப்பதோடு நிற்பதில்லை, அடையாளத்தையே உற்பத்தி செய்கிறது. நம் ஊரில் வெள்ளைக்காரன் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு சாதிக்கு என்ன செய்தது என்று படித்தவர்களுக்கு இது புரியும்.

அடையாளம் வந்தபின் அதற்குப் பூர்வகதை வேண்டும். உட்சுனோமியாவில் தளம் வைத்திருந்த 14வது படைப்பிரிவு மஞ்சூரியாவில் இருந்தது, அதன் வீரர்கள் க்யோஸாவை ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்று துண்டறிக்கைகள் சொல்கின்றன. கேட்க அழகு. ஆனால் அந்தப் படைப்பிரிவு 1944இல் மஞ்சூரியாவிலிருந்து பசிபிக்கின் பலாவ் தீவுகளுக்கு மாற்றப்பட்டது. அங்காவ்ர் தீவைக் காத்த உட்சுனோமியா படையணி அந்த வருஷம் செப்டம்பர், அக்டோபரில் ஏறக்குறைய முழுசாக அழிந்தது. மற்ற தீவுகளில் இருந்தவர்களைப் பட்டினி தின்றது. முன்னமே பணி முடிந்து திரும்பியவர்கள் சிலர் ருசியைக் கொண்டுவந்திருக்கலாம், மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய சாதாரணக் குடும்பங்கள் கொண்டுவந்திருக்கலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் துண்டறிக்கையில் வருகிற 'வீரர்கள்' சுற்றுலாப் பயணிகள் மாதிரி ஒரு ஊருக்குப் போனார்கள், நல்ல பண்டம் ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அங்கே என்ன செய்தார்கள், பிறகு எங்கே போய்ச் செத்தார்கள் இரண்டுமே இல்லை. கொன்றதும் இல்லை, செத்ததும் இல்லை. சமையற்காரர்களாக மட்டும் திரும்பி வருகிறார்கள்.

5

திரும்பி வர முடியாதவர்கள் இருந்தார்கள். 1945இல் ஓட்டத்தில் தாய் தகப்பனை இழந்த, அல்லது பிழைக்கட்டும் என்று சீனக் குடும்பங்களிடம் கொடுக்கப்பட்ட ஜப்பானியக் குழந்தைகள். தங்கள் நிலத்தைப் பிடுங்கியவர்களின் பிள்ளைகளைச் சீன விவசாயிகள் எடுத்து வளர்த்தார்கள். எந்த 'இன இணக்க' கோஷமும் இல்லாமல் நடந்த காரியம் இது. ஜப்பானிய அரசோ 1959இல் ஒரு சட்டம் போட்டு, திரும்பி வராதவர்களைச் செத்தவர்களாக அறிவித்துக் கோப்பை மூட வழி செய்தது. 1972இல் இரு நாடுகளும் உறவு ஏற்படுத்திக்கொண்டன. உறவினரைத் தேடிக் குழுவாக வருவதற்கு அரசு ஏற்பாடு செய்தது 1981இல்தான். 1945இல் பதின்மூன்று வயதைத் தொட்டிருந்த பெண்கள் 'சொந்த விருப்பத்தில் தங்கியவர்கள்' என்று தள்ளிவைக்கப்பட்டார்கள். பதின்மூன்று வயதுச் சிறுமியின் விருப்பமாம். 1993 செப்டம்பரில் அப்படிப்பட்ட பெண்கள் பன்னிரண்டு பேர், கிழவிகளாகி, யாருடைய உத்தரவாதமும் இல்லாமல் நரிட்டா விமான நிலையத்தில் வந்து இறங்கி, அங்கேயே ராத் தங்கினார்கள். எங்களை வாங்கிக்கொள் என்று அரசை மடக்கிய போராட்டம் அது. உட்சுனோமியாவில் க்யோஸாச் சங்கம் தொடங்கிய அதே வருஷம்.

பண்டத்தை மஞ்சூரியாவின் பெயரால் கொண்டாடுகிற நாடு, மஞ்சூரியாவிலிருந்து வந்த மனுசியை வாசலில் நிறுத்தியது.

2002 முதல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் கோபே நீதிமன்றம் அரசின் பொறுப்பை ஒத்துக்கொண்டது. 2007 ஜனவரியில் டோக்கியோ நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த வருஷக் கடைசியில்தான் ஓய்வூதியமும் உதவித்தொகையும் தரச் சட்டம் திருத்தப்பட்டது.

இவர்களில் ஒருவர் 1979இல் திரும்பி வந்து, 1983இல் டோக்கியோவின் காமாட்டா பகுதியில், சின்னப் பட்டறைகள் நிறைந்த தொழிலாளர் பேட்டையில், கடை திறந்தார். தண்ணீருக்குப் பதில் மாவு கரைத்த தண்ணீரை ஊற்றினார். வற்றியதும் க்யோஸாக்களைச் சுற்றி மெல்லிய மொறு விளிம்பு, நம் ஆப்பத்தின் ஓரம் மாதிரி, விரிந்து நின்றது. 'இறகு வைத்த க்யோஸா' என்று பெயராகி நாடு முழுக்கப் பரவியது. இன்று உறைந்த பாக்கெட்டிலும் இறகு தானாகவே வருகிறது. உலகெங்கும் க்யோஸாக் கடையில் படம் எடுப்பவர்கள் முதலில் எடுப்பது அந்த இறகைத்தான். அதைக் கண்டுபிடித்தது அரசு விட்டுவிட்டு வந்த பிள்ளைகளில் ஒருவர் என்பது படத்தில் தெரியாது.

6

பழைய கதை இதோடு முடிந்தது, இப்போது நிம்மதியாகக் குடிக்கலாம் என்றால் அதுவும் இல்லை. 2007 இறுதியிலும 2008 தொடக்கத்திலும் சீனாவில் செய்து இறக்குமதியான உறைந்த க்யோஸாவில் மெதமிடோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்து, ஜப்பானில் பத்துப் பேர் விழுந்தார்கள். 'சீன விஷம்' என்று பத்திரிகைகள் கத்தின. 2010இல் கைதான ஆள் அந்த ஆலையின் தற்காலிகத் தொழிலாளி. சம்பளத்திலும் நடத்தப்பட்ட விதத்திலும் மனக்கசப்பில் ஊசியால் மருந்தைச் செலுத்தியதாக வழக்கு. 2014இல் ஆயுள் தண்டனை. அந்தச் செயலை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒன்று அம்பலமாயிற்று: 'நம்ம ஜப்பானிய ருசி' என்று சொல்லித் தின்றதை மடித்தவை ஹெபெய் மாகாணத்தின் கூலிக் கைகள். ஷாண்டுங் கூலியின் வாயில் தொடங்கிய கதை எங்கேயும் போகவில்லை.

இந்தப் பக்கம் இஸகாயாவின் உள்ளே பாருங்கள். 2008 ஏப்ரலில் ஒரு பெரிய இஸகாயாச் சங்கிலியில் சேர்ந்த 26 வயதுப் பெண் ஜூனில் தற்கொலை செய்துகொண்டாள். மாதத்துக்கு 140 மணி நேரத்துக்கும் மேல் கூடுதல் வேலை. 2012இல்தான் அது வேலையால் நேர்ந்த சாவு என்று ஏற்கப்பட்டது. 2015இல்தான் நிறுவனம் பொறுப்பேற்றுப் பெற்றோருடன் சமரசம் செய்தது. இன்று பெருநகரக் கடைகளில் குவளையைக் கொண்டுவந்து வைப்பவர் நேபாளத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ வந்த மாணவராக இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. அதற்குமேல் செய்தால் விசா போய்விடும், செய்யாவிட்டால் படிப்புக்கட்டணம் கட்ட முடியாது. 2019 ஏப்ரலில் உணவுத்தொழிலுக்கென்றே தனி விசாப் பிரிவு வந்தது. கை வேண்டும். கையோடு வருகிற ஆளை எவ்வளவு காலம் வைத்துக்கொள்வது என்பதில்தான் அரசுக்கு இன்னும் தயக்கம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பேரரசு நமக்கு அந்நியமில்லை. மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்க் கூலிகளை 1942-43இல் சயாம்-பர்மா ரயில் போட இழுத்துப் போய்ச் சாகடித்ததும் அதே பேரரசின் படைதான். இன்னொரு பக்கம், திருவனந்தபுரத்துக்காரரான ஏ.எம். நாயர் பிரிட்டிஷ் எதிர்ப்பாளராக ஜப்பானுக்குப் போய், மஞ்சூகுவோவில் இருந்து வேலை பார்த்து, 1949இல் டோக்கியோவின் கின்ஸாவில் கறிச்சோற்றுக் கடை திறந்தார். ஒரு ஏகாதிபத்தியத்தை எதிர்க்க இன்னொரு ஏகாதிபத்தியத்தின் காலனியில் இடம் தேடிய நம் விடுதலை வரலாற்றின் ஒரு பக்கம், அதே வருஷங்களில் அதே மாதிரி சாப்பாட்டுக் கடையாகத்தான் முடிந்தது. அந்தப் பக்கத்தை நாமும் பெருமையோடு மட்டும்தான் வாசிக்கிறோம்.

ஆகவே க்யோஸாவைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கையில் மிஞ்சிய ஒரே வித்தையை வைத்துப் பிழைத்தவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. விலக்கப்பட்ட பூண்டும், மிச்சத்தை ருசியாக்கிய சாமர்த்தியமும் இருக்கிறது. அதே தட்டில் பிடுங்கிய நிலமும் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லுகிற வரலாறு, ஏக்கமாக இருந்தாலும் சரி, கண்டனமாக இருந்தாலும் சரி, பாதி வரலாறுதான். துன்பப்பட்டவர்கள் என்பதால் செய்தது இல்லாமல் போகாது. செய்தார்கள் என்பதால் பட்ட துன்பமும் பொய்யாகாது. இதைச் சேர்த்துச் சொல்ல ஒரு மொழியை நம் இயக்கங்கள் இன்னும் பழகவில்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் ஒன்று, குற்றவாளிப் பட்டியல் ஒன்று என்று வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறோம். நாகானோவின் நிலமில்லாத விவசாயி எந்தப் பட்டியலிலும் அடங்க மாட்டான். நம் ஊரிலும் அப்படி அடங்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

தின்பதை நிறுத்தச் சொல்லவில்லை. 'வந்தது' என்று எழுதியிருக்கிற இடத்தில் எல்லாம் யார் கொண்டுவந்தார்கள், யாரிடமிருந்து, யாரை விட்டுவிட்டு என்று எழுவாயைக் கேட்டு எழுதுவோம் என்கிறேன். பீர் ஆறிப்போகாது.